ஞாயிற்றுக்கிழமை பெய்யாத மழை

நம் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களிடம் வந்து பேசும்படி கேட்டார்கள். படங்கள் காட்டலாம், திரை இருக்கிறது என்றும் சொன்னார்கள். என்னிடம் படம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற அன்று கணினியைத் திருப்பிக் கொடுத்தபோது சமன்பாடுகளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, இப்போது ஒன்றும் ஞாபகத்துக்கு வருவதில்லை. வந்தாலும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, என்னைவிட நீங்கள் நன்றாகப் போடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அந்த விஷயத்தில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. பிரயோக கணிதம் என்றால் என்ன என்று வீட்டாருக்கு விளக்கப் போகாதீர்கள். நான் பட்டம் முடித்து, வேலைக் கடிதத்தோடு வட்டகொடைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் போய் இறங்கினேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னா வேல புள்ள?"

"கணக்கு வேலம்மா" என்றேன்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் நான் கணக்கப்பிள்ளையாகிவிட்டேன் என்று லயம் முழுக்கப் பேச்சு. தோட்டத்தில் கணக்கப்பிள்ளை என்றால் தேயிலை மலையில் நின்று ஆட்களை வேலை வாங்குகிறவர். பொம்பிளைக் கணக்கப்பிள்ளையை எங்கள் தோட்டம் அதுவரை கண்டதில்லை. லயத்தில் ஒரு குடும்பத்துக்குரிய அறையைக் காம்பரா என்போம். அடுத்த காம்பராப் பெரியம்மா என் காதோரம் வந்து, "ஏன் புள்ள, எனக்கு முட்டி வலி. ஏத்தமில்லாத மலையாப் பாத்துப் போடுவியா?" என்று கேட்டார். நான் எவ்வளவோ விளக்கினேன். கண்ணை மூடும்வரை அந்தப் பெரியம்மா, நான் வேண்டுமென்றே தன்னை ஏற்றத்துக்கு அனுப்புகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாம் செய்கிற வேலை உங்களுக்குத் தெரியும். வெளியாட்களும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு மழை பெய்தால் எந்தச் சரிவு இறங்கும் என்று கணக்குப் போடுவதுதான் வேலை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மழைமானி இருக்கும். காலையில் ஒருவர் அதைப் பார்த்து, நேற்றிலிருந்து விழுந்த மழையை ஒரு கொப்பியில் எழுதி, நமக்குப் போன் பண்ணிச் சொல்வார். நம் கணினி அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் பயமில்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். சிவப்பு என்றால் லயத்தை விட்டு வெளியேறுங்கள். இந்த நிறங்களெல்லாம் வரிசையாகத் தெரியும் திரைக்குப் பலகை என்று பெயர் வைத்திருந்தோம். தினமும் காலையில் ஒவ்வொரு தோட்டத்தையும் நிர்வகிக்கும் துரைக்கும் அவருடைய நிறம் போய்ச் சேரும்.

இந்தக் கணக்கை முதன்முதலில் அமைத்தபோது தோட்டங்களில் இருந்த பழைய மழைக் கொப்பிகளை எல்லாம் வாங்கி, கொழும்பில் ஆள் வைத்துக் கணினியில் ஏற்றினோம். ஏற்றி முடிந்ததும் நான் ஆசையாக உட்கார்ந்து எண்களைப் புரட்டினேன். மூன்றாம் நாள் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலைநாட்டு மழைக்கு ஏழு நாள் தாளம் இருந்தது! ஞாயிற்றுக்கிழமைகளில் சொட்டு மழை இல்லை. திங்கட்கிழமைகளில் கொட்டித் தீர்த்தது. ஒரு தோட்டத்தில் இரண்டு தோட்டத்தில் அல்ல, அக்கரப்பத்தனையிலிருந்து நல்லதண்ணி வரைக்கும் தொட்ட இடமெல்லாம் இதே கதை.

கணக்குக்காரியிடம் இப்படி ஒரு தாளம் அகப்பட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. காரணத்தையும் நானே கண்டுபிடித்தேன். தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வாரம் முழுக்க அடுப்பெரிகிறது. புகை மேலே போகிறது. புகையில் மேகம் பிடிக்கிறது. ஞாயிறன்று அடுப்பு அணைகிறது, மழையும் நிற்கிறது. திங்களன்று மூட்டினால் மறுபடி பிடித்துக்கொள்கிறது. எவ்வளவு அழகு பாருங்கள்! நான் அதற்குச் சமன்பாடு எழுதி, கூட்டத்தில் வாசித்தேன். என் மேலதிகாரி எழுந்து நின்று கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் ஒரு கொப்பியையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று, அக்கரப்பத்தனைக்கு அப்பால் ஒரு தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எழுதினால் அந்தத் துரை இன்றைக்கும் போன் பண்ணிச் சண்டை பிடிப்பார். அங்கே மழை எழுதியவர் பிள்ளைமடுவத்து ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் பிள்ளைமடுவம், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர் ஆயம்மா. மழைமானி மடுவத்து முற்றத்தில் நின்றதால் அந்த வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது. என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிற ரகம்.

கொப்பியை விரித்தேன். முத்து முத்தான எழுத்து. ஆனால் ஞாயிறுகளில் மட்டும் எண் இல்லை, சின்னதாக ஒரு கோடு.

"இது என்னாங்க ஆயம்மா?"

"அது ஞாயித்துக்கெழம மிஸ்."

"ஞாயித்துக்கெழம மழை பேயாதா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஸ்ஸு எந்தப் பக்கங்க?"

"வட்டகொடை. தோட்டந்தான்."

"தோட்டமா? தோட்டத்துல பொறந்த புள்ள கேக்குற கேள்வியா இது! ஞாயித்துக்கெழம ஏதுங்க பெரட்டு? பெரட்டு இல்லேன்னா மடுவம் பூட்டு. மடுவம் பூட்டுன்னா மானிய யாரு பாக்குறது? திங்கக்கெழம ரெண்டு நாத் தண்ணியையும் சேத்து அளந்து எழுதிப்புடுவேன்."

பெரட்டு என்றால், காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் பதிந்து, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது. ஸ்டோரில் சங்கு ஊதினால் எல்லாரும் பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரை நான் அந்தச் சங்குச் சத்தத்தில் எழுந்தவள். ஞாயிறன்று சங்கு ஊதாது என்று எனக்குத் தெரியாதா என்ன? ஞாயிறு தூக்கத்தின் ருசியே அதுதானே. ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்ததும் அது ஒன்றுமே எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஆயம்மா போட்ட கோட்டைக் கொழும்பில் இருந்தவர்கள் பூச்சியம் என்று ஏற்றியிருந்தார்கள். நான் அந்தப் பூச்சியத்துக்குப் புகை, அடுப்பு, மேகம் எல்லாம் கண்டுபிடித்து, கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

அசடு வழிய, "கோட்டுக்குப் பதிலா நீங்களும் ஒரு பூச்சியமே போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பரீட்சைக்கே வராத புள்ளைக்கு முட்ட போடுவீங்களா மிஸ்? ஆப்சென்ட்னுதான போடுவீங்க?"

நான் படித்த பல்கலைக்கழகத்தில் இதை ஒருவரும் இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்த இடத்தில் சிரித்துவிடுங்கள், பிள்ளைகளே. நானும் சிரித்தேன். ஆயம்மா சிரித்த சிரிப்பில் மடுவத்தில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை ஒன்று எழுந்துவிட்டது. ஆனால் என் தப்பு இது இல்லை. இது வெறும் அசட்டுத்தனம். தப்பு இனிமேல்தான் வருகிறது.

ஆபீசுக்குத் திரும்பிப் போனதும், கட்டுரையை "இன்னும் ஆராய வேண்டும்" என்று சொல்லிப் பின்வாங்கிக்கொண்டேன். ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. கை தட்டிய மனிதரிடம் போய் "ஐயா, அது மழை இல்லை, பெரட்டு" என்று எப்படிச் சொல்வது? மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? லயத்தில் பிறந்தவளுக்கே இது தெரியவில்லையா என்று சிரிப்பார்களே! மானம்தான், வேறொன்றுமில்லை. பழைய எண்களை மட்டும் ஓசைப்படாமல் திருத்தினேன். ஆனால் பலகை? ஞாயிறன்று தோட்டத்திலிருந்து போன் வராது. போன் வராவிட்டால் பலகையும் பூச்சியம் என்றே எடுத்துக்கொண்டது. பூச்சியத்துக்குப் பச்சை. அதைத் திருத்த வேண்டுமென்றால் ஏன் என்று நாலு பேருக்குச் சொல்லியாக வேண்டும். "ஞாயிறு, பார்க்க" என்று டயரியில் எழுதி வைத்தேன். அப்புறம் வெயில் காலம் வந்தது. அப்புறம் வேறு வேலை வந்தது. ஒரு வருடம் போய்விட்டது.

அடுத்த மழைக் காலத்தில், ஒரு ஞாயிறு, வட்டகொடையில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். சனிக்கிழமை காலையில் பிடித்த மழை விடவே இல்லை. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் நாதஸ்வரக்காரர் வாசித்ததும் கேட்கவில்லை, ஐயர் சொன்னதும் கேட்கவில்லை. மாப்பிள்ளை ஒரு குத்துமதிப்பில்தான் தாலி கட்டினார். பந்தியில் உட்கார்ந்து இலையில் பாயசம் விழுந்தபோதுதான், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று எனக்கு உறைத்தது. பாயசக் கையோடு எழுந்து ஆபீசுக்குப் போன் போட்டேன். அன்றைக்குப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்து நண்பர், என்னோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்.

"கலியாண வீட்டிலையும் உங்களுக்கு வேலைதானோ?" என்று சிரித்தார். "ஒண்டுமில்லை. பலகை முழுக்கப் பச்சை."

ஆயம்மாவின் தோட்டத்தைக் கேட்டேன்.

"அது சைபர். சொட்டு மழையும் இல்லையாம்."

அந்தத் தோட்டத்தை ஏன் முதலில் கேட்டேன் என்றால், அங்கே கீழ்ப் பிரிவில் இருபத்துநாலு காம்பராக்கள் உள்ள ஒரு லயம், செங்குத்தான சரிவுக்கு நேர் கீழே இருந்தது. ஆயம்மாவும் அதில்தான் இருந்தார், கடைசிக் காம்பராவில். உடனே அவருக்குப் போன் பண்ணி, மானியைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஞாயித்துக்கெழமயிங்களே மிஸ்" என்று இழுத்தார். பிறகு என் குரலில் என்ன கேட்டதோ, "இருங்க, போறேன்" என்றார். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"மானி ததும்பி வெளிய ஊத்துதுங்க. எம்புட்டுன்னு சொல்ல முடியல. இன்னொண்ணு மிஸ், லயத்துப் பீலியில காலையிலேருந்து தண்ணி செவப்பா வருது. குடிக்கவே முடியல."

பீலி என்றால் மலை ஊற்றுத் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவரும் குழாய். தெளிந்த ஊற்று திடீரென்று சிவந்தால், உள்ளே மண் அசைகிறது என்று அர்த்தம்.

துரைக்குப் போன் பண்ணினேன். சிங்களவர்தான், ஆனால் இருபது வருடத் தோட்ட வாழ்க்கையில் நம்மைவிட நன்றாகத் தோட்டத் தமிழ் பேசுவார். கீழ் லயத்து ஆட்களை உடனே மேலே எடுங்கள் என்றேன்.

"என்னா மிஸ், காலையில நீங்கதான பச்சை அனுப்புனீங்க? இந்தா என் போன்ல இருக்கு."

"இப்ப நான் சொல்றேன்."

"சரி, எவ்வளவு மழை? எண்ணு சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாதா? இருபத்துநாலு குடும்பத்த இந்த மழையில வெளிய எறக்கச் சொல்றீங்க, எவ்வளவுன்னு தெரியாதா? போன தடவ உங்க ஆபீசு சிவப்புன்னு சொல்லிச்சு. எல்லாரையும் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் வச்சோம். ஒரு கல்லு விழல. இன்னைக்கு வரைக்கும் என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க. பச்சைக்கெல்லாம் ஆளுகள எறக்குனா நாளைக்கு நெசமா சிவப்பு வந்தா எவன் வருவான்?"

அவர் கேட்டது நியாயம். நான் என்ன செய்திருக்கலாம்? வாயில் வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். முந்நூறு மில்லிமீட்டர் என்றால் முந்நூறு, அவருக்கா தெரியப்போகிறது? பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இந்த ஆசை வரும். யாராவது எண் கேட்பார்கள், உங்களிடம் இருக்காது, உங்கள் நாக்கு நுனியில் ஒன்று தயாராக நிற்கும். நான் அதை விழுங்கிவிட்டு, விழுங்க முடியாமல் ஒரு வருடமாக வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அந்தப் பச்சை தப்புங்க. ஞாயித்துக்கெழம மானிய யாரும் பாக்குறதில்ல. பாக்கலேன்னா எங்க மெசின் மழையே இல்லேன்னு எடுத்துக்கும். அது என் தப்பு. எனக்கு ஒரு வருசமாத் தெரியும்."

பந்தியில் அண்ணி என்னைப் பார்த்து, பாயசம் ஆறுகிறது என்று சைகை காட்டினார்.

"ஒரு வருசமாவா?" என்றார் துரை. பிறகு சிங்களத்தில் ஒன்று சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. பிறகு, "சிவப்புன்னு எழுத்துல அனுப்புங்க" என்றார்.

யாழ்ப்பாணத்து நண்பரைக் கூப்பிட்டு, கையாலேயே சிவப்பாக்கச் சொன்னேன். "ஆதாரம் எண்டு என்னத்தைப் போடுறது?" என்றார். "என் பேரைப் போடுங்க" என்றேன். மற்ற எல்லாத் தோட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போன் பண்ணி மானியைப் பார்க்கச் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டேன். ஏன் என்று அவர் கேட்டார். சொன்னேன். "ஐயோ கடவுளே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த சிக்கலை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. ஞாயிறு மத்தியானம். வெளியே அடைமழை. அடுப்பில் கோழிக் கறி. இந்த நேரத்தில் ஒரு மலையகத்து ஆளைக் காம்பராவை விட்டு வெளியே இழுக்க யாரால் முடியும்? துரை ஆள் அனுப்பினார். "சாப்புட்டுட்டு வாரோம்னு சொல்லுங்க" என்று பதில் வந்ததாம். ஆயம்மா எனக்குப் போன் பண்ணினார்.

"மிஸ், இப்படிக் கூப்புட்டா எவனும் வரமாட்டான். தொரைகிட்டச் சொல்லி ஸ்டோர்ல சங்கு ஊதச் சொல்லுங்க. பெரட்டுன்னு சொல்லுங்க."

"ஞாயித்துக்கெழம பெரட்டா? சண்டைக்கு வருவாங்களே!"

"வரட்டும்ங்க. சண்டைக்கின்னா எல்லாரும் வருவாங்க."

துரைக்குச் சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சங்கு ஊதியது எனக்குப் போனிலேயே கேட்டது. லயமே கொதித்து எழுந்தது. ஞாயித்துக்கெழம எவன்டா பெரட்டுக் கூப்புட்டது, தலைவர் எங்கய்யா, இதென்னா அநியாயம் என்று, உரச்சாக்கைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணும் மழையில் மேட்டுக்கு ஏறினார்கள். பெரட்டுக்களம் ஸ்டோர் பக்கம், சரிவுக்கு எதிர்ப்புறம் இருந்தது. துரை அன்றைக்கு வாங்கிய ஏச்சை அவர் வாழ்நாளில் வாங்கியிருக்கமாட்டார். வரமுடியாத கிழடுகட்டைகளைத் தூக்கிவர ஆட்களைத் திருப்பி அனுப்பினார். கைக்குழந்தைகளை ஆயம்மா பார்த்துக்கொண்டார். எந்தக் காம்பராவில் எத்தனை குழந்தை என்று அவருக்குத் தெரியாததா? ஒவ்வொரு வாசலாகப் போய் எண்ணி, ஆள் கையில் கொடுத்து மேலே அனுப்பினாராம்.

என்னால் உட்கார முடியவில்லை. பட்டுச் சேலையோடு ஒரு த்ரீவீலைப் பிடித்துக் கிளம்பினேன். தலவாக்கலையைத் தாண்டி, பாதி வழியில் மரம் விழுந்து ரோடு அடைத்துவிட்டது. அங்கே நிற்கும்போது துரையின் போன் வந்தது.

"மண்ணு வந்துருச்சு மிஸ்."

"ஆளுக?"

"எண்ணிக்கிட்டிருக்கோம்."

வாழ்க்கையில் எத்தனையோ எண்களுக்காகக் காத்திருந்திருக்கிறேன். அந்த எண்ணுக்காகக் காத்திருந்த மாதிரி எதற்கும் காத்திருந்ததில்லை. போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல். ஒரு பேருக்குப் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். "டவுனுக்குப் போயிருக்காங்க" என்று யாரோ கத்தினார்கள். கடைசியில் துரை, "எல்லாரும் இருக்காங்க" என்றார். ரோட்டோரத்தில் நின்று ஓவென்று அழுதேன். த்ரீவீல்காரர் பயந்துபோய், கல்யாணத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

ரோடு திறந்து நான் போய்ச் சேர்ந்தது திங்கட்கிழமை காலை. மழை வெறித்திருந்தது. லயத்தின் கீழ்க் கோடியில் ஆறு காம்பராக்கள் இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு வந்த தேயிலையும் கிடந்தன. சனங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தார்கள். நான் உள்ளே போனதும் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் எழுந்து, "மிஸ் இல்லேன்னா நாங்க இன்னைக்கு இல்ல" என்று ஆரம்பித்தார். பெண்கள் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி சூடாக டீ கொண்டுவந்து கையில் கொடுத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். துரையிடம் போனில் சொன்னது போனோடு போயிருக்கும், அவரும் வெளியே சொல்லியிருக்கமாட்டார். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், ஒரு மிடறு குடிக்கும் நேரம் அதை யோசித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை பச்சை வந்தது என்னால்தான், ஞாயிறுகளில் எங்கள் மெசின் குருடு, அது தெரிந்தும் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வருடம் திருத்தாமல் விட்டேன் என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நேத்துக் காலையிலேருந்து எங்கள சாகப் போட்டுட்டுத்தான் இருந்தீங்களா?" என்று கத்தினார். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆயம்மா ஒரு மூலையில் யாருடையதோ குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மண்ணுக்குள் போன ஆறு காம்பராக்களில் ஒன்று அவருடையது. அவர் எனக்கு நன்றியும் சொல்லவில்லை, ஏசவும் இல்லை.

"மத்த தோட்டத்துக்கெல்லாம் என்னா பண்ணுனீங்க மிஸ்?"

"நேத்து ஒவ்வொண்ணாப் போன் பண்ணிக் கேட்டோம் ஆயம்மா."

"அது நேத்து. மெசினு இன்னமும் முட்டதான போடுது?"

"ஆமா. அடுத்த ஞாயித்துக்குள்ள மாத்திப்புடுவேன். ஆறு நாள் இருக்கு."

"வியாழக்கெழம போயாங்க. பௌர்ணமி லீவு. அன்னைக்கும் எல்லாத் தோட்டத்துலயும் மடுவம் பூட்டுத்தான்."

அதை நான் நினைக்கவே இல்லை. வெளியே மறுபடி தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஆயம்மா என் கையிலிருந்த டீயை வாங்கிக் கீழே வைத்தார்.

"அப்ப இங்க என்னாத்துக்கு நிக்கிறீங்க? போங்க. பத்து மணி பஸ்ஸு இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் கிடந்த குடையை எடுத்து நீட்டினார். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எண்ணி அனுப்பியவர் தன் காம்பராவிலிருந்து எடுத்து வந்த ஒரே சாமான் அது. நான் அதை வாங்கிக்கொண்டு ஓடினேன்.